மதகுச் சாவி

ஊருக்கு நூறு வயசு, வரலாற்றைப் புத்தகமாகப் போடுவோம் என்று நகரசபை கிளம்பியபோது வசமாக மாட்டிக்கொண்டவர் வாத்தியார்தான். வயல், வலை, படகுத்துறை என்று தொண்ணூறு பக்கம் மளமளவென்று எழுதித் தள்ளினார். பெருவெள்ளத்துக்கு வந்ததும் பேனா சண்டித்தனம் பண்ணியது.

அன்றைக்கு வயல் பக்கத்து மதகைத் திறந்திருந்தால் தண்ணீர் பயிருக்குள் பாய்ந்திருக்கும், மீனவர் தெரு பிழைத்திருக்கும். திறக்க முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி வேண்டும். யாரும் திருட்டுத்தனமாகத் தண்ணீர் பாய்ச்சக் கூடாதென்று, மாலையானால் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது மதகுக்காரரின் வழக்கம். திறக்க ஓடிவரும்போது சாவி கைதவறி ஆற்றோடு போய்விட்டது, பிடிக்கக் குதித்தும் கிடைக்கவில்லை என்றார் அவர். ஊரும் நம்பியது. பதினோரு பேர் செத்தார்கள்.

மதகுக்காரர் வாத்தியாரின் அப்பா. முற்றிய பயிரை நினைத்துச் சாவியைப் பரணில் ஒளித்ததாகச் சாகும்போது மகனிடம் மட்டும் சொன்னார். சொன்னவர் நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டார். கேட்டவருக்குத்தான் அதற்கப்புறம் தூக்கம் போயிற்று.

வாத்தியாரின் மனைவி மீனவர் தெருப் பெண். அந்த வெள்ளத்தில் தங்கையைப் பறிகொடுத்தவள்.

மதியம் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். வழக்கம்போல அவளுக்குப் படித்துக் காட்டினார். "சாவி ஆற்றோடு போயிற்று" என்ற இடத்தில் நிறுத்தினார்.

"அத்தோட விட்டா எப்படிங்க? மாமா அதுக்காக ஆத்துல குதிச்சாரே, அதையும் போடுங்க. எங்க தெருவுக்காக உசிரையே குடுக்கப் பாத்த மனுஷன்" என்றாள் அவள். தண்ணீர் டிரம்மின் மூடிமேல் பாரத்துக்கு வைத்திருந்த இரும்பை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஒரு சொம்பு மொண்டாள். கல்யாணமான புதிதில் பரணைச் சுத்தம் செய்தபோது அவளே கண்டெடுத்த இரும்பு அது. வாத்தியார் அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

"அது ஆத்தோட போகல."

"எது?"

"சாவி. அப்பா பொய் சொன்னாரு. ஒளிச்சு வச்சிருந்தாரு."

"எங்க?"

வாத்தியார் டிரம் பக்கம் திரும்பினார். அவர் பார்வை போன இடத்துக்கு அவள் பார்வையும் போனது. இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் தொட்டுத் தூக்கிய இரும்பு. கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

பிறகு குனிந்து அதை எடுத்து வந்து, அவர் காகிதங்களின் மேல் வைத்தாள்.

"எழுதுங்க. என் தங்கச்சி பேரையும் போட்டு எழுதுங்க. முடிக்கிற வரைக்கும் என்கிட்ட பேசாதீங்க."