சந்தனம் பூசிய இன்சுலேட்டர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஐம்பதாயிரம் வோல்ட் ஓடுகிற கூண்டுக்குப் பொறுப்பாக இருப்பவளுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆபத்து. விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பட்டறையில் செய்கிற, மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர்களை அந்தக் கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்துத்தான் சோதிப்போம். மண், சூளை எல்லாம் என் வீட்டுக்காரர் தமிழ்ச்செல்வன் பாடு. கூண்டு என் பாடு.

"நீலா, நீ போட்டிருக்குற சட்டம் ஹைகோர்ட்டுலகூட கெடையாது" என்பார் அவர்.

சட்டம் சின்னதுதான். கூண்டுக்குள் போகிறவர் முதலில் கரண்டு கொடுக்கிற பேனலிலிருந்து சாவியை உருவ வேண்டும். மஞ்சள் கயிற்றில் கோத்த சாவி அது. அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வெளியே இருக்கிற எவரும் மறந்துபோய்க்கூட கரண்டு கொடுக்க முடியாது. அடுத்தது, மிச்சக் கரண்டைத் தரைக்கு இறக்குகிற எர்த் கம்பு. அதன் நீளக் கைப்பிடியைப் பிடித்து, கொக்கியைக் கூண்டுக்குள் இருக்கிற கெப்பாசிட்டரில் தொட்டு, அங்கேயே மாட்டிவிட வேண்டும். கதவைத் திறந்தால் கரண்டு தானாக நிற்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆனால் கெப்பாசிட்டர் பிடித்து வைத்திருக்கும் மிச்சத்தைப் பற்றி அந்தச் சுவிட்சுக்கு ஒன்றும் தெரியாது. கம்பு மாட்டிய பிறகுதான் கையை நீட்டலாம்.

அன்று சென்னையிலிருந்து வெங்கடசுப்ரமணியன் சார் வந்திருந்தார். ஒரு கம்பெனிக்கு இன்சுலேட்டர் வாங்குகிறவர். எங்கள் புது மண் கலவை அவர் கண்ணெதிரே ஐம்பதாயிரம் வோல்ட்டை ஒரு நிமிஷம் தாங்கினால் ஆர்டர் எங்களுக்கு. இல்லையென்றால் மறுபடி ஊறுகாய் ஜாடி செய்ய வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் அந்தக் கலவையோடு தனிக்குடித்தனமே நடத்தினார். ராத்திரி தூக்கத்திலும் களிமண் பேச்சுதான். அது தோற்றால் இவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் என் கவலை.

காலையில் இன்சுலேட்டரைக் கொளஞ்சியப்பர் கோயிலுக்கே தூக்கிக்கொண்டு போய் அர்ச்சனை செய்து வந்திருந்தார். வந்ததும் தலையிலிருந்து அடிவரை சந்தனத்தைக் குழைத்து ஒரே இழுப்பாக இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்தார். புது மருமகள் போல இருந்தது. நானும் பக்தியோடு கும்பிட்டுவிட்டுத்தான் பேனலுக்கு வந்தேன்.

எல்லாரும் கூண்டைச் சுற்றிப் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றோம். நான் வோல்ட்டேஜை மெல்ல ஏற்றினேன். முப்பதாயிரம் தாண்டியதும் புஸ்ஸென்று ஒரு சத்தம். அடுத்த நொடி நீலமாக ஒரு வெளிச்சம், படாரென்று ஒரு வெடி. பேனல் தானாக அணைந்தது.

"அய்யோ, போச்சே!" என்று இவர் கூண்டுக் கதவுக்கு ஓடினார்.

"நில்லுங்க! சாவி எங்க?"

தெரு முனைவரை கேட்டிருக்கும். முறைத்துக்கொண்டே திரும்பி வந்து, சாவியை உருவிக் கழுத்தில் மாட்டி, கம்பை எடுத்துப் போனார். கொக்கி கெப்பாசிட்டரை நெருங்கியதும் டக்கென்று ஒரு பொறி தாவியது. ஓடிய வேகத்தில் அந்த இடத்தில் இவர் கைதான் முதலில் போயிருக்கும். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு அழுகையும் வந்தது, திட்டவும் வந்தது. திட்டிவிட்டேன்.

"சரி மேடம், தாங்கலை போலிருக்கே" என்றார் சார்.

அப்போதுதான் எனக்கு மூக்கில் ஏறியது. கூண்டுக்குள்ளிருந்து கோயில் வாசனை! இன்சுலேட்டரை வெளியே கொண்டுவரச் சொன்னேன். ஒரு கீறல் இல்லை. சந்தனம் இழுத்த வழியில் மட்டும் கரிக்கோடு.

"ஏங்க, ஈரச் சந்தனத்தையா மேலேருந்து கீழ வரைக்கும் பூசுனோம்? கரண்டுக்கு நாமளே ரோடு போட்டுக் குடுத்துருக்கோம்!"

சார் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து கும்பிட்டேளே, யாருக்குமே தோணலையா?"

அதே சூளையில் வெந்த இன்னொன்றைக் காய்ந்த துணியால் துடைத்து வைத்தோம். இந்த முறை பூஜை கிடையாது. இவர் கம்பைக் கழற்றி வெளியே வந்து, கதவைச் சாத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் சாவியைப் பேனலில் போட்டு ஏற்றினேன். முப்பது, நாற்பது, ஐம்பது. லேசாக உறுமியது, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் இவ்வளவு நீளமா என்று இருந்தது.

"தாங்கிடுச்சு மேடம்!" என்றார் சார்.

வோல்ட்டேஜை இறக்கி அணைத்தேன். அதற்குமேல் எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. அந்த இன்சுலேட்டரைக் கட்டிக்கொள்ள ஓடினேன். கதவுக் கொண்டியில் கை வைத்துவிட்டேன்.

"நில்லு நீலா! சாவி எங்க?"

இவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். சாவி பேனலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இவர் அதை உருவி எடுத்துவந்து, மஞ்சள் கயிற்றை இரண்டு கையாலும் என் கழுத்தில் போட்டார்.

"கெட்டிமேளம் சொல்லட்டுமா?" என்றார் சார்.

இவர் சிரிக்கவில்லை. "உனக்கு ஒண்ணுன்னா இந்த ஆர்டர வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கதவைத் திறந்து, கம்பை எடுத்துக் கெப்பாசிட்டருக்கு நீட்டினேன். டக்கென்றது.