விளைமீனுக்குக் கேட்ட கேள்வி

காயல்பட்டினத்தில் மீன் விற்கிற எவளாலும் ஸஹ்லாவை ஏமாற்ற முடியாது. வாசலுக்கு வந்த மெற்றில்டாவின் கூடையிலிருந்த விளைமீனின் செவுளைத் திறந்து பார்த்து, எந்தப் படகு, எப்போது பிடித்தது, ஐஸ் உருகியதா என்று குடைந்தெடுத்தாள்.

அதற்குள் ஸஹ்லா ஆர்டர் போட்டிருந்த கூரியர் வந்தது. இன்ஸ்டாகிராமில் எவனோ கலந்து விற்கிற, எடை குறைக்கும் ஊசி மருந்து. புட்டியில் லேபிள் இல்லை. கூட வந்த ஐஸ் பை வெதுவெதுப்பாக இருந்தது.

"யாரு செஞ்சது, தாயி?" என்றாள் மெற்றில்டா.

"தெரியல."

"எவ்வளவு போடணும்?"

"மெசேஜ்ல சொல்லுவாங்க."

மெற்றில்டா படியில் காத்திருந்த பூனையைக் காட்டினாள். "என் மீன் கெட்டிருந்தா இதுக்குக் குடுப்பிய. அந்த மருந்து கெட்டிருந்தா யாருக்குக் குடுப்பிய?"

ஸஹ்லா புட்டியையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியை மூடிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.