அக்கரையிலிருந்து வந்த சம்பளம்

கொரோனா வந்த அந்த வசந்தத்தில் செலீனின் அலுவலகம், பிரெஞ்சு பேசும் நகரத்தின் வில்லரே பகுதியில், வீட்டுக் குசினியில் இருந்த சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. கார்தெரி என்ற குழந்தைகள் காப்பகம் பூட்டியிருந்ததால் பிள்ளைகள் இருவரும் மேசைக்குக் கீழே விளையாடினார்கள். மேலே அவள் மடிக்கணினியில் வாதாடிக்கொண்டிருந்தாள்.

செலீன் சட்டத்தரணி. ஆற்றுக்கு அக்கரையில், சொந்த நிலத்தில் தங்களைத் தாங்களே ஆளும் மோஹாக் பழங்குடி மக்களின் ஆட்சிமன்றம் ஒன்றுக்காக அவள் பேசினாள். வரி வாங்க வழியில்லாத அந்த ஆட்சிமன்றம் பெரிய சீட்டாட்ட மண்டபம் ஒன்றை நடத்தியது. அந்த வருமானத்தில்தான் அவர்களுடைய பள்ளிக்கூடமும் முதியோர் இல்லமும் ஓடின. நோய் பரவுகிறது என்றதும், யாரும் சொல்லும் முன்பே மண்டபத்தை மூடி, ஊர் எல்லையில் காவலும் போட்டுவிட்டார்கள்.

மூடிய நிறுவனங்களின் தொழிலாளருக்கு மத்திய அரசு சம்பள உதவி அறிவித்தது. ஆனால் அரசுகளுக்குச் சொந்தமான நிறுவனங்களுக்கு அது கிடையாது என்றது விதி. அந்த வலையில் பழங்குடி ஆட்சிமன்றங்களும் அகப்பட்டுக்கொண்டன. விதியை மாற்றக் கேட்பதுதான் செலீனின் வேலை.

ஒரு கூட்டத்தில், திரையில் இருந்த அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்தார். “உங்கள் பெற்றோல் நிலையம், மளிகைக் கடை என்றால் யோசிக்கலாம். சூதாட்டத்துக்கு உதவி என்றால் சனங்கள் என்ன சொல்வார்கள்?”

கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம் என்றே செலீனுக்குத் தோன்றியது. ஆட்சிமன்றத்தின் நிதிப் பொறுப்பாளர் டோனாவை அழைத்துச் சொன்னாள்.

“வேண்டாம்,” என்றார் டோனா. “மண்டபத்து ஆட்களை விட்டுவிட்டு நாங்கள் வரமாட்டோம்.”

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று செலீனுக்கு விளங்கவில்லை. மறுநாள் அவளுடைய கத்தோலிக்கப் பங்குக் கோயிலைச் சேர்ந்த மாக்கிரட் அன்ரி தொலைபேசியில் வந்தார். அவர் அந்த மண்டபத்துக் குசினியில் சமைப்பவர்.

“பிள்ளை, ஒண்டு கேக்கவேணும். மண்டபம் பூட்டிக் கனநாள். ஆனா எனக்கு இண்டைக்கும் சம்பளம் விழுந்திருக்கு. பிழையாப் போட்டிட்டினமோ?”

“உங்களுக்கு மட்டுமோ அன்ரி?”

“இல்லையப்பா, குசினியில நிக்கிற எல்லாருக்கும். ஹெயிட்டிக்காரப் பெட்டைக்கும் விழுந்திருக்காம்.”

செலீன் உடனே டோனாவைக் கேட்டாள். புதிய மருத்துவ நிலையம் கட்டச் சேர்த்து வைத்த பணத்தில்தான் சம்பளம் போகிறது என்றார் அவர்.

“எனக்கு ஏன் சொல்லவில்லை?”

“சொன்னால், கையில் காசு இருக்கிறதுதானே என்று அதிகாரிகள் சொல்வார்கள் என்று பயந்தோம்.”

“உங்கள் ஊரார் இல்லாதவர்களுக்கும் கொடுக்கிறீர்களே?”

“எங்களோடு வேலை செய்தவர்கள். இந்த நேரத்தில் போய் நீ யார், எந்த ஊர் என்று கேட்பதா?”

அந்தக் கேள்வியைக் கந்தோர் கந்தோராக, அதிகாரிகள் வாயால் கேட்டு வளர்ந்தவள் செலீன். அகதியாக வந்த அப்பாவுக்கு மொழிபெயர்க்கச் சிறு வயதிலேயே கூடப் போனவள். தொலைபேசியை வைத்தபின் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

கணவன் பிருந்தன் எட்டிப் பார்த்தான். “என்னப்பா, அழுறீரோ?”

“ஓம். நல்ல விசயத்துக்குத்தான்.”

சம்பள விசயத்தை மறைப்பதை விடச் சொல்வதுதான் பலம் என்று அவள் டோனாவைச் சம்மதிக்க வைத்தாள். பிறகு மாக்கிரட் அன்ரியைக் கூட்டத்துக்கு அழைத்தாள்.

“ஐயோ பிள்ளை, நான் என்னத்தைக் கதைக்கிறது?”

“நடந்ததைச் சொல்லுங்கோ அன்ரி, வேறொண்டும் வேண்டாம், அது காணும்.”

அடுத்த கூட்டத்தில் மாக்கிரட், குசினியில் பழகிய பிரெஞ்சில் பேசினார். “நான் அவர்களுடைய ஆள் இல்லை, ஐயா. மன்னாரில் பிறந்து சென்ட் லோரன்டில் வாடகைக்கு இருக்கிறவள். என் வீட்டில் அடுப்பு எரிவது அவர்களால்தான். எங்களை அவர்கள் பார்க்கிறார்கள். அவர்களை யார் பார்ப்பது?”

“மற்ற அரசுகள் வரியால் செய்வதை இவர்கள் இந்த மண்டபத்தால் செய்கிறார்கள்,” என்றாள் செலீன். “இதைச் சூதாட்டம் என்று ஒதுக்கினால் ஒரு முதியோர் இல்லத்தையும் சேர்த்து ஒதுக்குகிறீர்கள்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேலே மறுபடியும் பேசிப் பார்க்கிறேன்,” என்றார்.

சில வாரங்களில் விதி மாறியது. மண்டபமும் உதவிக்குள் வந்தது. தன்னால் மட்டும் நடந்ததல்ல, நாடு முழுவதும் எத்தனையோ பழங்குடி மக்கள் அதே கதவைத் தட்டியிருந்தார்கள் என்று செலீனுக்குத் தெரியும். இருந்தாலும் செய்தி வந்ததும் முதலில் அன்ரியைத்தான் அழைத்தாள்.

“பொறும் பிள்ளை, அவைக்குச் சும்மா மெர்சி, நன்றி எண்டு சொல்லி விடேலாது,” என்றார் அவர்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் ஒரு பெட்டி நிறைய இறைச்சி றோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனார்கள். எல்லைக் காவலில் வண்டியை நிறுத்தினார்கள். டோனாவே வெளியே வந்தார். பெட்டியை அங்கிருந்த மேசையில் வைத்துவிட்டு மாக்கிரட் பின்னால் தள்ளி நின்று கைகூப்பினார்.

“நாங்களல்லவா உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும்,” என்றார் டோனா.

அன்ரி விடவில்லை, டோனாவும் விடவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி நன்றி சொல்ல, செலீனுக்குச் சிரிப்பு வந்தது. டோனா முகக்கவசத்தை இறக்கி ஒரு றோலைக் கடித்தார். உறைப்பில் கண் கலங்கியது.

இன்னொன்று எடுத்துக்கொண்டார்.