குதிரை இறங்கிய கட்டம்

கலாவதி தோற்றதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஐம்பது கடந்த ஒருவர் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் விரைவு ஆட்டத்தில் தோற்பது எங்கேயும் நடக்கிறதுதான். ஆனால் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் தமிழ்ச் சதுரங்கக் கழகம் தொடங்கிய காலத்திலிருந்து, கழகத்தின் ஆகச் சிறந்த ஆட்டக்காரருக்கான முதல் மேசை அவருடையது. கிழமை நாட்களில் திரான்சியில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் கழகம் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்துக்குள் அவர் நுழைந்தால் ஆண்கள்கூடக் கதையை நிறுத்திவிட்டுக் கதிரை இழுத்துப் போடுவார்கள்.

அக்‌ஷரா கழகத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஓல்னே-சூ-புவா என்ற புறநகரில் பிறந்து வளர்ந்தவள், பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறாள். அவளுடைய அப்பா தியரி பாண்டிச்சேரிக்காரர், அரசாங்க உத்தியோகம். கழகத்தில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்து ஆட்கள். அவர்கள் அவளை ‘பாண்டிப் பெட்டை’ என்றே சொன்னார்கள். பெட்டை என்றால் அவர்கள் பேச்சில் பெண்பிள்ளை; சொன்ன விதத்தில் குரோதம் இல்லை. ஆனால் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

கழகத்தின் ஆண்டுப் போட்டியில் இந்த இருவரும் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். வெல்கிறவர்தான் அடுத்த பருவத்தில் கழக அணிக்கு முதல் மேசையில் ஆடுவார்.

ஆட்டம் பாதிக்கு மேல் கலாவதியின் கையில்தான் இருந்தது. பலகையின் இடது ஓரத்தில் அவருடைய சிப்பாய் ஒன்று யாரும் மறிக்காமல் முன்னேறிக்கொண்டிருந்தது. அது கடைசிக் கட்டத்தை அடைந்தால் ராணி. கலாவதி யோசித்துக்கொண்டிருந்தபோது அக்‌ஷரா எழுந்து கழிவறைக்குப் போனாள். கலாவதி சிப்பாயைத் தள்ளினார். ராணியாக இன்னும் ஒரே ஒரு கட்டம். அக்‌ஷரா திரும்பி வந்தாள், நின்றபடியே பலகையைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவள் குதிரையைப் பின்னுக்கு எடுத்துச் சிப்பாயை மறிப்பாள் என்றே நினைத்தார்கள். அவள் குதிரையை எதிர்ப்பக்கம், கலாவதியின் அரசன் இருந்த பக்கம் கொண்டுபோனாள். சிப்பாயைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கலாவதி கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. அக்‌ஷராவின் கோட்டை, சிலர் யானை என்கிற காய், அவருடைய அரசனுக்கு முன்வரிசையை அடைத்து நின்றது; இப்போது குதிரையும் வந்துவிட்டது. ராணி எடுக்கலாம், ஆனால் எடுத்த கையோடு செக் வரும், அடுத்தது மேட். அவர் பயந்து அரசனை ஒரு கட்டம் விலக்கினார். குதிரை அரசனுக்கு முன்னால் இறங்கியது. பிறகு ராணி எடுத்தார். கோட்டை ஒரு அடி நகர்ந்தது. முடிந்துவிட்டது.

இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். அக்‌ஷரா, “மெர்சி, மதாம்,” என்று நன்றி சொன்னாள். அவள் கை குளிர்ந்துபோய் நடுங்கியது.

கழகச் செயலாளர் கரிகாலன் கலாவதியைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த்தான் கேட்டார்.

“அக்கா, உங்களுக்கு ஒண்டும் வித்தியாசமாப் படேல்லையோ?”

கலாவதி படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தோற்ற சூடு முகத்தில் இன்னும் இருந்தது. பிறகு சொன்னார்:

“அவள் இடையிலை ஒருக்கா எழும்பிப் போனவள். வந்த உடனைதான் குதிரையை வைச்சவள்.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவுமில்லை. கரிகாலன் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த இரண்டு நாட்களில் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆட்டம் மட்டும்தான் பேச்சு. யாரோ அதைக் கணினியில் போட்டுப் பார்த்துப் படம் அனுப்பினார்கள். குதிரை நகர்ந்த இடத்தில் கணினியும் அதே நகர்வையே முதலாவதாகக் காட்டியது. வேறு எதை ஆடினாலும் கலாவதிக்கு வெற்றி என்றது. ‘கலா அக்காவே சொல்லுறா, பெட்டை எழும்பிப் போய் வந்துதான் அதை வைச்சதாம்’ என்று ஒருவர் எழுதினார். ‘போன் துவாலெட்டுக்குள்ளை என்ன செய்ததாம்?’ என்று இன்னொருவர். சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அந்தக் குழுவில் அக்‌ஷராவும் இருந்தாள்.

ஆட்டத்துக்கு முன் எல்லோருடைய போன்களையும் ஒரு பெட்டிக்குள் வாங்கி வைப்பது வழக்கம். அன்றைக்குக் கரிகாலன் பெட்டியைக் கொண்டுவர மறந்திருந்தார். அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை கரிகாலன் போன் எடுத்துச் சொன்னார். “அக்கா, ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுது. பட்டத்தைத் திருப்பி உங்களுக்குத் தாறதெண்டுதான் கனபேர் நிக்கினம். ஆனா ஆட்டத்தை ஒருக்கா வடிவா ஆராய்ஞ்சு, நீங்கள் ஒரு முடிவு சொல்லவேணும். உங்கடை சொல்லுக்கு ஒருத்தரும் மறுப்புச் சொல்லமாட்டினம்.”

சனிக்கிழமை காலை கலாவதி சமையலறை மேசையில் பலகையை விரித்து வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடினார். களவு என்று தெரிந்துவிட்டால் நல்லது என்று மனதில் ஒரு மூலை விரும்பியது. அதை அவர் உணர்ந்தார். உணர்ந்தும் அது போகவில்லை. கணவர் குகதாசன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“இப்ப என்ன முடிவு? பெட்டை கள்ளம் செய்ததோ இல்லையோ?”

“பலகையைப் பாத்து அதைச் சொல்லேலாதப்பா.”

“அப்ப ஏன் பலகையைப் பாத்துக்கொண்டிருக்கிறீர்?”

கலாவதி கணினியைத் திறந்தார். ஒரு கேள்விதான் அவரைக் குடைந்துகொண்டிருந்தது: பயப்படாமல் அந்த இடத்திலேயே ராணி எடுத்திருந்தால்? கணினி உடனே காட்டியது. குதிரை பலகையின் வலது கரைக்குப் பாய்ந்து செக் சொல்லும். அரசன் எந்தப் பக்கம் ஓடினாலும் கோட்டை வந்து மேட். தப்ப வழியே இல்லை.

குதிரை செக் சொல்ல இன்னொரு கட்டமும் இருந்தது. கரையில் அல்ல, உள்ளே. உண்மையான ஆட்டத்தில் அது கடைசியாக இறங்கிய அதே கட்டம். முதல் பார்வையில் அதுவும் மேட் போலத்தான் தெரிந்தது. ஆனால் அங்கே இறங்கினால், தூரத்து மூலையில் புதிதாகப் பிறந்த ராணி கோணலாக ஓடி வந்து குதிரையை வெட்டிவிடும். வெட்டினால் கலாவதிக்கு வெற்றி. இரண்டு கட்டங்கள்: ஒன்றில் உயிர், ஒன்றில் சாவு. கலாவதி நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தியரிக்குப் போன் எடுத்தார்.

அன்று பின்னேரம் லா சப்பலில், மெத்ரோ ரயில் மேலே இரைந்துகொண்டு போகும் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தார்கள். தியரி மகளோடு வந்திருந்தார். குளிர்ச் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். அக்‌ஷராவின் கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது.

“வாங்கன்னு கூப்பிட்டீங்க, வந்துட்டோம் மதாம்,” என்றார் தியரி. “ஆனா அஞ்சு நாளா பொண்ணு ஒழுங்கா சாப்பிடல. அதையும் தெரிஞ்சுக்குங்க.”

“கனக்கக் கதைக்க வரேல்லை,” என்றார் கலாவதி. “ஆட்டத்தை ரெண்டு பேருமா ஒருக்காப் பாப்பம் எண்டுதான்.”

வடைத் தட்டை நகர்த்திவிட்டுப் பையிலிருந்து சின்னப் பலகையை எடுத்து, குதிரை நகர்ந்த நிலையில் காய்களை அடுக்கினார். அக்‌ஷரா முதலில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ஒரு காய் கட்டம் மாறி நின்றபோது பொறுக்கமுடியாமல் கை நீட்டிச் சரியாக்கினாள்.

“இந்த இடத்திலை நான் உடனை ராணி எடுத்திருந்தா?” என்று கேட்டார் கலாவதி.

அவள் முகத்தில் அந்த வாரத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. “அதுக்காகத்தான் மதாம் காத்திருந்தேன். எடுங்க.”

கலாவதி சிப்பாயை எடுத்துவிட்டு மூலையில் ராணியை வைத்தார்.

அக்‌ஷரா யோசிக்கவேயில்லை. குதிரையை எடுத்தாள். கரைக்கு அல்ல, உள்ளே வைத்தாள். “செக். இப்ப ராஜா இந்தப் பக்கம் போனா கோட்டை இங்க. அந்தப் பக்கம் போனா கோட்டை அங்க. எப்படிப் போனாலும் மேட்.”

கலாவதி ராணியில் விரலை வைத்தார். மூலையிலிருந்து கோணலாக, ஒவ்வொரு கட்டமாக இழுத்துக்கொண்டு வந்து, குதிரையை எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்தார்.

அக்‌ஷரா பலகையையே பார்த்தாள். ராணி வந்த வழியை விரலால் திரும்பத் தடவிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் அதைப் பாக்கவேயில்ல,” என்றாள். “புதுசா வர்ற ராணி… நான் கணக்குப் போடறப்போ அது அங்க இல்லையே. அப்போ நீங்க ராணி எடுத்திருந்தா நான் தோத்திருப்பேன்.”

“ஓம்.”

அவள் குனிந்து திரும்ப யோசித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் குதிரையைக் கரைக் கட்டத்தில் வைத்தாள். “இல்ல. இங்க வெச்சா முடியும். இங்கதான் வெச்சிருக்கணும்.”

“அதைத்தான் கணினியும் சொல்லுது.”

கலாவதிக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கணினியைப் பார்த்து ஆடியவளாக இருந்தால் முதலிலேயே கரைக்குத்தான் போயிருப்பாள். இந்தப் பெண் தன் சொந்தப் புத்தியில் கணக்குப் போட்டு, பிழையாகப் போட்டு, சரியான நகர்வில் வந்து நின்றிருக்கிறாள். அவர் அதை அப்படியே வாய்விட்டுச் சொன்னார். தகப்பனும் மகளும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னார்.

அக்‌ஷரா நிமிர்ந்தாள்.

“அப்போ இது பரீட்சையா?”

கலாவதி பலகையிலிருந்து கையை எடுத்தார்.

“ஆட்டத்தைப் பார்க்கலாம்னு கூப்பிட்டீங்க. நான் தப்பு பண்றேனான்னு பார்க்கத்தான் கூப்பிட்டீங்க. தப்பு பண்ணினதால தப்பிச்சேன். சரியா கணக்குப் போட்டிருந்தா? குதிரையை முதல்லயே இங்க வெச்சிருந்தா இன்னிக்கு நான் திருடி, இல்லையா மதாம்?”

தியரி மகளின் தோளில் கை வைத்தார். அவள் குரல் உயரவில்லை. அதுதான் கலாவதிக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

“நான் ஏன் எழுந்து போனேன்னு நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கை நடுங்குச்சு. தண்ணியில கை கழுவிட்டு வந்தேன். அவ்வளவுதான். எதிர்ல உக்காந்திருந்தவங்க நீங்க. நீங்க கேட்டிருக்கலாம்.”

பிறகு ஏதோ பிரெஞ்சில் அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள். தியரி கலாவதியைப் பார்த்து, “நாளைக்கு அவங்ககிட்ட சொல்லுவீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“சொல்லுவன்.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கமிட்டி ஆட்கள் முன்னால் கலாவதி காய்களை அடுக்கி எல்லாவற்றையும் காட்டினார். கரிகாலன் கவனமாகக் கேட்டார். முடிந்ததும் தாடையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

“குறை நினையாதேங்கோ அக்கா. நீங்கள் என்னத்துக்குக் கூப்பிட்டனீங்கள் எண்டு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாத மாதிரி நடிச்சிருக்கலாமே.”

“நடிக்கலாம். நானும் நடிக்கலாம். நீரும் நடிக்கலாம்,” என்றார் கலாவதி. “அவள் எழும்பிப் போனதைச் சொன்னது நான். தோத்த ஆத்திரத்திலை சொன்னனான். கள்ளம் எண்டு நினைச்சுச் சொல்லேல்லை. அப்பிடி நினைக்கட்டும் எண்டு விட்டனான். பட்டத்தை எனக்குத் தந்தா நான் வாங்கமாட்டன். போன் பெட்டி ஏன் அண்டைக்கு இல்லை எண்டதையும் ஆராயுங்கோ.”

கை தூக்கச் சொன்னார்கள். முடிவு அப்படியே இருக்கட்டும் என்று பெரும்பான்மை ஆனது. குழுவில் ஒரு வரி போட்டார்கள்: ‘இறுதி ஆட்டத்தின் முடிவில் மாற்றம் இல்லை.’ மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. கலாவதி அதற்குக் கீழே, ‘அக்‌ஷரா நேர்மையாக வென்றாள். நான் சொன்ன சொல்லால் அவளுக்கு வந்த அவமானத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன்’ என்று எழுதினார். இரண்டு பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். மற்றவர்கள் அடுத்த கிழமை மண்டபத்தைப் பூட்டும் திறப்பு யாரிடம் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அன்றிரவே அக்‌ஷரா குழுவை விட்டு விலகியிருந்தாள். கழகத்துக்குப் பிரெஞ்சில் இரண்டு வரி அனுப்பியிருந்தாள்: அடுத்த பருவத்தில் ஆடமாட்டேன், பட்டத்தை விரும்பினால் வேறு யாருக்காவது கொடுக்கலாம்.

முதல் மேசையைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கரிகாலன் கேட்டார். கலாவதி மறுத்தார். கொஞ்ச நாள் கழித்து வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கும்போது தியரிக்குப் போன் எடுத்தார்.

“குறுக்கிடுறனோ தெரியேல்லை. பிள்ளை எப்பிடி இருக்கிறா?”

“இருக்கா மதாம். பரீட்சை வருது, படிக்கிறா.” தியரி மரியாதை குறையாமல் பேசினார். “நீங்க எழுதினதைப் பார்த்தா. ஒண்ணும் சொல்லல.”

“வேறை கழகத்திலையாவது விளையாடுவாவோ?”

“கேட்டேன். இப்போ ஒருத்தர் எதிர்ல உக்காரப் பிடிக்கலப்பான்னா. அவங்க என் கையைப் பார்ப்பாங்க, பலகையைப் பார்க்கமாட்டாங்கன்னா.”

கலாவதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். “நான் ஒருக்கா வீட்டை வந்து கதைக்கட்டோ?”

மறுமுனையில் தியரி கதவொன்றைச் சாத்துவது கேட்டது. மகளுக்குக் கேட்காத இடத்துக்குப் போகிறார் போலும்.

“இப்போ வேணாம் மதாம்,” என்றார். “எப்போன்னும் எனக்குச் சொல்லத் தெரியல.”

“சரி,” என்றார் கலாவதி. பேருந்து வந்து கதவைத் திறந்தது. பின்னால் நின்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். அவர் ஏறவில்லை.