விடை வாங்கும் பாட்டு

தம்பி ஹனிதேலி செத்த எட்டாம் நாள் காலை, உய்லியாமி, பெரிதாக ஒன்று கேட்க வரும்போது மரியாதைக்குக் கொடுக்கும் கவா வேர் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து என் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊர்த் தலைவருக்காகப் பேசுகிறவர் அவர், சும்மா வருகிற ஆள் இல்லை. அப்போதுதான் பிடுங்கிய பச்சை வேர், மண்கூட முழுசாக உதிரவில்லை, ஒரு பன்றிக்குட்டி அளவுக்கு இருந்தது. அவ்வளவு பெரிய வேரைக் கொண்டுவந்தால் கேட்கப்போவதும் பெரிதாகத்தான் இருக்கும். நான் தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே இருந்தேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

"கலோலைனே அம்மா, நாளன்னைக்கு ஹெய்லாலா விழாவில நம்ம ஊர் லகாலகா ஆட்டம். நூத்தி எண்பது பேர் மூணு மாசமா ஆடிப் பழகியிருக்காங்க. பாட்டு உங்க தம்பி கட்டினது. நடுவுல நிக்கிறது அவர் பொண்ணு."

"எனக்குத் தெரியாதா?"

"நாளன்னைக்குத்தான் பத்தாம் நாளும்."

"அதுவும் தெரியும்."

பத்தாம் நாள் செத்தவனின் அக்கா கத்தரி எடுக்க வேண்டும். அவன் பிள்ளைகளின் முடியை அவள்தான் வெட்டுவாள். அதுவரை அவர்கள் தலைக்கு எண்ணெய் கிடையாது, சீப்பு கிடையாது, கந்தலான பெரிய பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு அடுப்படியில்தான் கிடக்க வேண்டும். வெட்டிய பிறகும் மாதக்கணக்கில் கறுப்பு உடுத்த வேண்டும், ஆட்டம் பாட்டம் என்று வாயைத் திறக்கவே கூடாது. இதில் எதையாவது ஒருத்தர் தளர்த்த முடியும் என்றால் அது அத்தை மட்டும்தான். பெற்ற தாயால் முடியாது, போதகரால் முடியாது. உய்லியாமி அந்தச் சேற்று வேரோடு என் வாசலுக்கு வந்தது அதனால்தான்.

"வெட்டுறதை மட்டும் ஒரு நாள் தள்ளிப்போடுங்கம்மா. நடுவுல நிக்கிறவ தலையில இறகு நிக்கணும், அவ தலையசைப்புக்கு அது துடிக்கணும். முடி இல்லாம இறகு எங்க நிக்கும்?"

"வேற பொண்ணை நிறுத்துங்க."

"அந்த இடத்துக்கு வேற பொண்ணா? நல்லா சொன்னீங்க போங்க."

"என் தம்பி குழியில மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள உங்களுக்கு ஆட்டம் கேக்குதா? வேரை எடுத்துட்டுக் கிளம்புங்க."

அவர் எழுந்து போனார். வேரை எடுக்கவில்லை. போகிற வழியில் நாலு வீட்டில் சொல்லியிருப்பார். அன்று மத்தியானம் துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். மார்க்கெட்டில் சேம்பு விற்கிறவள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் தலைநகர் நுக்குஅலோஃபாவே தெருத்தெருவாகத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தது, நான் ஒருத்திதான் அதற்குக் குறுக்கே விழுந்த மரம். இருக்கட்டுமே என்று நினைத்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டு திரிவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது, அதுதான் உண்மை.

ஹனிதேலிக்குப் பத்து வயது ஆனபோது அவனைப் பையன்கள் தூங்கும் தனிக் குடிசைக்கு அனுப்பினார்கள். எனக்குப் பதின்மூன்று. அன்றோடு சரி. அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்காரக் கூடாது, கேலி பேசக் கூடாது, காதல் கலந்த பாட்டைச் சேர்ந்து கேட்கக் கூடாது. அவன் கட்டும் பாட்டில் காதல் கலக்காமல் இருக்குமா? எல்லா அக்கா தம்பிகளும் இப்படித்தான் இருக்கிறார்கள், இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவன் பெண்டாட்டி செலுவாயாவிடம் சொல்லி அனுப்புவான். சேம்பு இலையில் பொதிந்து சுட்ட இறைச்சியில் முதல் பொதி என் வீட்டுக்குத்தான் வரும், அவன் கொண்டுவர மாட்டான். நாற்பத்து நாலு வருஷம் கழித்து, சாவு வீட்டில், வழக்கப்படி அவன் தலைமாட்டில் என்னை உட்கார வைத்தபோதுதான் அந்த முகத்தை நிறுத்தி நிதானமாகப் பார்த்தேன். தாடையில் அந்தப் பழைய தழும்பு அப்படியே இருந்தது. ஆறு வயதில், கடல் வற்றிய நேரத்தில் சிப்பி பொறுக்கப் போய், பவளப்பாறையில் வழுக்கி விழுந்தவனை நான்தான் முதுகில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தேன். என் சட்டை முழுக்க ரத்தம். நான் உதை வாங்கினேன், அவன் கரும்பு வாங்கித் தின்றான்.

ஆடிப் பழகும் கூடம் என் வீட்டுக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால் வந்துவிடும். சாயங்காலம் நான் கடைக்குக் கிளம்பினால் பாட்டு அப்படியே நிற்கும். நூற்றெண்பது பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள், நான் திருப்பத்தைத் தாண்டும்வரை. நானும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போவேன். அவன் செத்த அன்றும் பாட்டு நின்றது. அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். வேறு எவனுடைய அக்காவோ ரோட்டில் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பட்டன் தைத்து முடித்த பிறகுதான் கூடத்துக்குள்ளிருந்து அலறல் கேட்டது.

ஒன்பதாம் நாள் தம்பி மகள் லூபே வந்தாள். நெஞ்சுவரை ஏறிய கந்தல் பாய், சிக்குப் பிடித்து இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அண்ணன் தம்பி பிள்ளைகள் அத்தையைவிடத் தாழ்ந்துதான் உட்கார வேண்டும். கெஞ்சத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, சொல்லவேண்டிய பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"இன்னைக்கே வெட்டிடுங்க அத்தை" என்றாள்.

"நாளைக்குத்தானே பத்தாம் நாள்? என்ன அவசரம் உனக்கு?"

"வெட்டிட்டா அதோட பேச்சு முடிஞ்சுடும். எல்லாரும் உங்களக் கண்டபடி திட்டுறாங்க, என்னால கேக்க முடியல. அப்பா இருந்தா உங்களப் பத்தி ஒரு வார்த்த பேசவிடுவாரா?"

எனக்குச் சுருக்கென்றது. வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினேன்.

"உனக்கு ஆட ஆசையில்லையா?"

எதிரே பூட்டிக் கிடந்த கூடத்தைப் பார்த்தாள்.

"ஆச இல்லாம இருக்குமா அத்தை? அந்த விடை வாங்குற பாட்டு ஒண்ணுக்காகவாவது ஆடணும்னு இருந்துச்சு. கடைசியில வருமே, அது. அது வந்தா மட்டும் அப்பா இந்த ரோட்டுப் பக்கத்து ஜன்னலத் தொறக்கச் சொல்வார். எதுக்குப்பான்னு கேட்டா காத்து வரட்டும்பார். இந்தப் பக்கம் என்ன காத்து வருது?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உங்க ஜன்னல் படார்னு சாத்துற சத்தம் கேக்கும். அப்பா சிரிச்சுக்குவார். 'உங்க அத்தைக்குத்தான்டி மரியாதை தெரியும்'பார். மறுநாளும் தொறக்கச் சொல்வார்."

மூன்று மாதம். தினமும். அந்தப் பாட்டு பெரிதாகக் கேட்க ஆரம்பித்ததும் நான் ஓடிப்போய்ச் சாத்துவேன். யாரோ கவனமில்லாமல் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள், தம்பி பாட்டு காதில் விழுந்தால் அவனுக்குச் சங்கடம் என்று, தைப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சாத்துவேன். பாவி, பாவி. மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. லூபே பயந்து எழுந்து நின்றுவிட்டாள்.

"பாடு" என்றேன் கடைசியில்.

"இங்கயா? நான் மட்டுமா? முடியாது அத்தை. பொம்பளைங்க ஒரு பக்கம் எடுக்கணும், ஆம்பளைங்க கீழ் சுரத்துல தாங்கணும். தனியாப் பாடினா அது அந்தப் பாட்டே இல்ல."

பத்தாம் நாள் காலை செலுவாயா வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். நான் என் தையல் கத்தரியைக் கொண்டுபோனேன். துணியைத் தவிர ஒரு காகிதத்தைக்கூட அதனால் வெட்ட யாரையும் விட்டதில்லை. லூபே முடியை என் கையாலேயே சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, ஒற்றைப் பின்னலாகப் பின்னினேன். பிறகு பின்னலை அடியோடு வெட்டி, மிச்ச முடியையும் தலையை ஒட்ட நறுக்கினேன். அவ்வளவு கனமான முடி, நாலைந்து தடவை அழுத்த வேண்டியிருந்தது. செலுவாயா வாயில் துணியை வைத்துக்கொண்டு விம்மினாள். உய்லியாமி தூரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

பின்னலை என் பைக்குள் வைத்துக்கொண்டு லூபேயின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தேன். கந்தல் பாய் கீழே விழுந்தது. நான் கட்டியிருந்த மெல்லிய பாயை, என் அம்மா எனக்குக் கொடுத்ததை, அவிழ்த்து அவளுக்குக் கட்டினேன்.

"ஐயா உய்லியாமி, என்ன அங்கயே நிக்கிறீங்க? இவ ஆடணும். கூட்டிட்டுப் போங்க."

மனுஷன் இரண்டு அடி ஓடி வந்து நின்றார். "இறகு, அம்மா? மொட்டைத் தலையில..."

"நான் எதுக்குத் தையக்காரின்னு இருக்கேன்?" கறுப்புத் துணிப் பட்டையில் இறகைத் தைத்து முந்தின நாளே தயாராக வைத்திருந்தேன். அவள் நெற்றியில் கட்டிவிட்டேன்.

"நடுவுல மொட்டைப் பொண்ணு நின்னா ஜனங்க என்னம்மா சொல்லுவாங்க?"

"அவ அப்பன் செத்துட்டான்னு சொல்லுவாங்க. செத்துட்டான்தானே?"

மைதானத்துக்கு நானும் போனேன். தம்பி கட்டிய ஆட்டத்தைப் பார்க்க நான் போவது அதுதான் முதல் தடவை. பித்தளை வாத்தியக்காரர்கள் முழங்கிவிட்டு ஒதுங்கியதும் எங்கள் ஊர் வரிசை வந்து நின்றது, ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள், எண்ணெய் மினுங்கும் தோள்கள். நடுவில் லூபே. அந்தத் தலையைப் பார்த்ததும் கூட்டம் ஒரு கணம் அடங்கியது. யாரோ ஒரு கிழவி விசும்பினாள். பாட்டு எழுந்தது. அவள் தலையைச் சாய்க்கும்போதெல்லாம் இறகு துடித்தது, கூட்டம் "மாலியே! மாலியே!" என்று மெச்சிக் கத்தியது. காதல் வரிகளும் வந்தன. எனக்குக் காது சூடானது, ஆனால் நான் எழுந்து போகவில்லை.

பிறகு எல்லோரும் ஓரடி முன்னால் வைத்தார்கள். விடை வாங்கும் பாட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆண்கள் கீழே தாங்க, பெண்கள் எடுத்தார்கள்.

*கடல் வற்றிய காலையில்*
*பாறை கடந்து என்னை முதுகில் சுமந்தவளே,*
*கரை வந்துவிட்டது, இறக்கிவிடு,*
*நான் போய்வருகிறேன்.*

என் கை தானாக மேலே எழுந்தது, தினமும் சாத்தும் அந்த ஜன்னல் கதவை எட்டிப் பிடிப்பதுபோல. அங்கே கதவு ஒன்றும் இல்லை. காற்றுதான் இருந்தது, கடல் பக்கத்துக் காற்று. கையை இறக்கி, மடியிலிருந்த பைக்குள் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த பின்னலின் மேல் வைத்துக்கொண்டேன். அவர்கள் அதை மறுபடியும் முதலிலிருந்து பாடினார்கள்.