லொறி மேல் போட்ட துவாய்

கொட்டாஞ்சேனை வெங்காய ஸ்டோரில் மூட்டை இறக்குகிறவர்களுக்குள்ளே ஒரு வழக்கம் இருந்தது. இடுப்புப் பிடித்தவனோ காய்ச்சல்காரனோ காலையில் தன் தோளில் கிடக்கும் துவாயைத் தூக்கி லொறி மேல் போட்டுவிடுவான். அன்றைக்கு அவன் மேலே நின்று மூட்டையை விளிம்புக்கு இழுத்துக் கொடுத்தால் போதும், சுமக்க வேண்டாம். ஏன், எதற்கு என்று ஒருத்தனும் கேட்க மாட்டான். கேட்டால் அது பிச்சை போட்ட மாதிரி ஆகிவிடும்.

அவர்களில் ஒருவனான கிருபாகரனைச் சூப்பவைசர் வேலை தேடி வந்தபோது, அவன் வேண்டாம் என்றுதான் இருந்தான். பிடித்துத் தள்ளியது கூட்டாளி இராமர். அடுத்தடுத்த வீடு, ஒரே லொறியில் முதுகு தேய்ந்தவர்கள்.

"எடுடா கிருபா. வெளியாள் வந்தா நம்ம வலி அவனுக்குத் தெரியுமா?"

"நாளைக்கு ஒன்னையே வெரட்டினேன்னா?"

"வெரட்டித்தான் பாரேன். கல்யாணத்தன்னிக்கு நீ அழுத கதைய லொறிக்காரனுக்கெல்லாம் சொல்லிப்புடுவேன்."

மெனேஜர் மஷூர் கெட்டவர் இல்லை. முதல் நாளே உட்கார வைத்து, பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, அக்கறையாகத்தான் சொன்னார்.

"நேத்து வரைக்கும் நீங்க கூட்டாளி, கிருபா. இண்டைக்கு அப்பிடி இல்ல. ஒருத்தனுக்கு எளக்கம் குடுத்தா மத்தவன் ஒங்கட மொகத்தப் பாப்பான். லொறிக்கு மேல நிக்கிறதுக்கு எல்லாருக்கும் முறை வைங்க. மொதக் கெழமை இறுக்கினாத்தான் பொறகு லேசு."

நியாயமாகத்தான் பட்டது. ராத்திரி ஊற்றிக்கொண்டு காலையில் துவாய் போடுகிறவனும் இருந்தானே. கிருபாகரன் முறை வைத்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இராமரின் துவாய் லொறி மேல் போய் விழுந்தது. எல்லாக் கண்ணும் கிருபாகரன் பக்கம் திரும்பின. வாசலில் மஷூர் நின்றுகொண்டிருந்தார். கிருபாகரன் துவாயை எடுத்துக் கீழே போட்டான்.

"இன்னிக்கு ஒங்க முறை இல்ல, இராமர்."

'டேய்' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் அது.

இராமர் துவாயை எடுத்து, ஒட்டியிருந்த வெங்காயச் சருகை உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைக் கொடுத்தான். வேலை முடியட்டும், தனியாகக் கூப்பிட்டுக் கேட்போம் என்று கிருபாகரன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். மத்தியானத்துக்கு முன்னமே இராமர் லொறிக்குச் சாத்தியிருந்த பலகையில் கால் மடங்கி மூட்டையோடு விழுந்தான்.

இனிமேல் சுமை தூக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தூக்காமல் பிழைக்க வேறு என்ன தெரியும் அவனுக்கு?

கிருபாகரன் பார்க்கப் போனான். இராமரின் மனைவி பாக்கியலெட்சுமி கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுக் குசினிக்குள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

"ஏன்டா, இவ்வளவு வலின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

இராமர் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"அதான் துவாயப் போட்டனே."



மறுநாள் காலை கிருபாகரன் ஆட்களைக் கூப்பிட்டான். "முறை கிறை ஒண்ணும் வேணாம். பழையபடி போடுங்க. மெனேஜருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

யாரும் போடவில்லை. முந்தின நாளெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த கிழவன்கூடத் துவாயைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதல் ஆளாகப் போய் முதுகைக் கொடுத்தான். கிருபாகரன் தன் துவாயை எடுத்து லொறி மேல் போட்டுப் பார்த்தான். ஒருவரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாமான் இறங்கி முடிந்து லொறி புறப்பட்டபோது அந்தத் துவாயும் அதோடேயே போயிற்று.