வளையம் கழற்றியவர்கள்

பல் டாக்டருக்கு மச்சினன் மேல் பாசம் உண்டு. ஆனால் மச்சினனுடைய சைக்கிள் ஹாண்டில்பார் தன்னுடையதைவிடத் தாழ்வாக இருப்பதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது.

இருவரும் ஒரே கடையில் ரேஸ் சைக்கிள் வாங்கியவர்கள். கடைக்காரி டாக்டரைக் குனியச் சொன்னாள். வயிறு வழிமறித்தது. முகம் சுளிக்காமல் ஹாண்டில்பாருக்கு அடியில் வளையங்களை அடுக்கி உயர்த்தினாள். மச்சினன் வண்டிக்கும் அதே வைத்தியம்.

"இதைக் கழட்டிடாதீங்க சார். கீழ இறக்கினா உடம்பு பாரமெல்லாம் உள்ளங்கைக்குத்தான் போகும்."

டாக்டர் தலையாட்டினார். தினமும் ராத்திரி பல் தேய்க்கிறோம் என்று அவருடைய நோயாளிகள் ஆட்டுவார்களே, அந்த மாதிரி.

முதலில் மச்சினன் ஒரு வளையத்தைக் கழற்றினான். காற்றைக் கிழித்துக்கொண்டு போகலாமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இரண்டைக் கழற்றினார். அவன் சும்மா இருப்பானா? கடைசியில் இருவர் சைக்கிளிலும் கழற்ற ஒன்றுமில்லை. மூக்கு முன்சக்கரத்தை முகர, முதுகு மட்டும் வானத்தைப் பார்க்க, இரண்டு பெரிய மனிதர்களும் ஊரைச் சுற்றினார்கள். பாரம் முன்னால் குவிந்ததால் இறக்கத்தில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கழுத்தை நிமிர்த்த முடியாததால் எதிரே வருவது லாரியா மாடா என்றும் தெரியவில்லை. "எப்படி இருக்கு?" என்று யார் கேட்டாலும், "சூப்பர்!"

டாக்டருக்குச் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் வீடு திரும்பும்வரை. பிறகு மறுநாள் காலைவரை. பல் பிடுங்கும் வேலையெல்லாம் அடுத்த அறையில் இருந்த மனைவிக்குப் போனது. அவளும் பல் டாக்டர்தான். கேட்டதற்கு இடுப்பு வலி என்று கதை விட்டார்.

ஒரு திங்கட்கிழமை மச்சினன் கன்னம் வீங்கி வந்து நாற்காலியில் சாய்ந்தான்.

"நீங்கதான் புடுங்கணும் அத்தான். அக்கா கை முரட்டுக் கை."

டாக்டர் இடுக்கியை எடுத்தார். அது விரலில் நிற்காமல் வழுக்கி அவன் மார்பில் விழுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது.

"என்ன அத்தான் விளையாட்டு?"

டாக்டர் இடுக்கியைப் பொறுக்கித் தட்டில் வைத்தார். இவனிடம் போய்ச் சொல்வதா? ஆனால் திறந்திருப்பது அவன் வாய்.

"என்னால முடியாதுடா. விரல் மரத்துப் போச்சு. அந்தச் சனியன் பிடிச்ச ஹாண்டில்பாரால."

மச்சினன் சிரிக்கவில்லை.

"எனக்கு கழுத்து திரும்பி ஒரு மாசமாச்சு. நீங்க ஜாலியா ஓட்டுறீங்களேன்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

மனைவி வந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு கழுதைங்களும் சேந்து நல்லாத்தான் போட்டி போட்டிருக்கீங்க. டேய், வாயத் திற."

ஊசி போட்டிருந்தும் அவள் பல்லை அசைக்க அசைக்க, மச்சினன் பயத்தில் அத்தானின் கையைப் பிடித்து நசுக்கினான். கட்டைவிரல் பக்கம் உயிர் போனது. சுண்டு விரலை அவன் முறுக்கிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் டாக்டர் தெரிந்துகொண்டார். இருபது வருடமாகச் சோறு போடும் கை அது.

மாலை, மச்சினன் என்ன செய்யப்போகிறான் என்று கேட்காமலேயே, தன் சைக்கிளில் எல்லா வளையத்தையும் திரும்ப மாட்டினார்.